உங்களுக்குத் தெரியுமா? – ஜப்பானியர் காதலைச் சொல்லும் விதம்

● ஈப்போ நகரை உலகத் திரைக்குக் கொண்டுபோன காதல் படம் யாஸ்மின் அகமதுவின் 'செப்பெட்' (2005). திருட்டு விசிடி விற்கும் சீனப் பையன் ஜேசனும் மலாய்ப் பெண் ஆர்கெட்டும் சந்திக்கும் கதை. ஆர்கெட்டுக்குப் பைத்தியமாகப் பிடித்த நடிகர் தகேஷி கனேஷிரோ. அப்பா ஜப்பானியர், அம்மா தைவான்காரர். அவர் நடித்த படங்களைத் தேடித்தான் அவள் சந்தைக் கடைக்கு வருகிறாள். படத்தின் தொடக்கத்தில் ஜேசன் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்ட தாகூர் கவிதை. வங்காளக் கவிஞர், ஜப்பானிய நடிகர், கேண்டனீஸ் பேச்சு, மலாய்ச் சிரிப்பு எல்லாம் நம் பழைய பட்டணத்துக் கடைவரிசைக்குள். அதே ஆண்டு தோக்கியோ அனைத்துலகத் திரைப்பட விழாவில் சிறந்த ஆசியப் படம் என்ற விருதை இது பெற்றது.

● யாஸ்மினின் பாட்டி ஒரு ஜப்பானியர். அந்தப் பாட்டியின் நினைவிலிருந்து ஒரு படம் எடுக்க அவர் தயாராகிக்கொண்டிருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வாசுரெனாகுசா'. 'என்னை மறவாதே' என்று பல நாட்டார் பெயர் வைத்திருக்கும் சின்ன நீலப் பூ அது. 2009 ஜூலை 25 அன்று யாஸ்மின் காலமானார். படம் எடுக்கப்படவே இல்லை. மலேசியத் திரையுலகம் இழந்தவற்றுள் இதை நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன்.

● அவருடைய கடைசிப் படம் 'டேலன்டைம்' (2009). அதுவும் ஈப்போவில் எடுத்ததுதான். அதில் மகேஷ் என்ற தமிழ்ப் பையனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அவன் நேசிக்கும் மெலூருக்கோ பாட்டுதான் உயிர். அந்தப் படம் 2017இல் ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்தது. வாய்திறந்து ஒரு வார்த்தை பேசாத தமிழ்ப் பையனின் காதலை ஜப்பானியர்கள் இருட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அது அந்நியமாகப் பட்டிருக்காது. ஏன் என்று கீழே வரும் துணுக்குகளைப் படித்தால் தெரியும்.

● ஜப்பானிய இளைஞர் காதலைச் சொல்லப் பெரும்பாலும் பயன்படுத்தும் சொல் 'சுகி'. எழுத்தில் சுகி, நாக்கில் 'ஸ்கி'. நடுவிலுள்ள உகரம் பாதி விழுங்கப்பட்டுவிடும். குற்றியலுகரம் படித்த நமக்கு இந்த ஓசை எளிதில் பிடிபடும். 'ஸ்கி தெஸ்' என்றால் முழு வாக்கியம் முடிந்துவிட்டது. அதில் நானும் இல்லை, நீயும் இல்லை. தமிழில் 'பிடிச்சிருக்கு' என்று ஒற்றைச் சொல்லில் ஒரு வாழ்க்கையையே முடிவு செய்வதில்லையா, அதே மாதிரிதான். மீன் குழம்பு பிடிக்கும் என்பதற்கும் அங்கே இதே சொல்தான். எது பிடித்திருக்கிறது என்பதைக் குரலும் கண்ணும் சொல்லும்.

● சொன்ன பிறகுதான் பழக்கம் தொடங்கும் என்பது அங்கே பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். இதற்கு 'கோகுஹகு' என்று பெயர். 'உன்னைப் பிடித்திருக்கிறது, என்னோடு பழகுவாயா?' என்று நேரே நின்று கேட்பார்கள். தலையசைத்தால் அன்றிலிருந்து இருவரும் காதலர். எப்போது தொடங்கியது என்ற குழப்பமே கிடையாது. நாள் தேதியோடு நினைவிருக்கும்.

● 'ஐஷிதெரு' என்ற சொல்லை நம் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்தும் பாட்டுக் கேட்டும் கற்றுவைத்திருக்கிறார்கள். 'ஐ லவ் யூ'வுக்கு நேர்ச்சொல் அதுதான். ஆனால் அதை வீட்டில் சொல்பவர் குறைவு. நாற்பது ஆண்டு குடும்பம் நடத்திய தம்பதியர்கூட ஒருமுறையும் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். நம் லயத்து வீடுகளில் வாழ்ந்த தாத்தா பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் பெரட்டுக்குக் கிளம்பும் கணவன் கையில் தேத்தண்ணி போத்தலைக் கொடுத்த பாட்டி என்ன வசனம் பேசினார்?

● இன்று ஜப்பானில் காதலுக்கு வழங்கும் 'ரென்ஐ' என்ற சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. மேலைநாட்டு நாவல்களை மொழிபெயர்க்க வந்தவர்கள் தேடிப் பிடித்த சொல் அது. 1892இல் கிதாமுரா தோகொகு என்ற இளங்கவிஞர் காதலைப் போற்றி எழுதிய கட்டுரை அந்தத் தலைமுறையையே உலுக்கியது. அவர் 25 வயதில் இறந்துபோனார்.

● நாட்சுமே சோசெகி ஜப்பானின் மாபெரும் நாவலாசிரியர். தொடக்கத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். மாணவன் ஒருவன் 'ஐ லவ் யூ'வை நேருக்கு நேர் மொழிபெயர்த்தபோது, 'ஜப்பானியன் அப்படிப் பேசமாட்டான். நிலா அழகாக இருக்கிறது இல்லையா என்று எழுது, போதும்' என்று அவர் திருத்தியதாகச் சொல்வார்கள். இன்று ஜப்பானில் யாராவது உங்களிடம் நிலா அழகாக இருக்கிறது என்று சொன்னால், யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஒரு செய்தி மட்டும் சொல்லியாக வேண்டும். சோசெகியின் எழுத்தில் இந்த நிகழ்ச்சி எங்கும் இல்லை. அவர் இறந்தது 1916இல். இந்தக் கதை அச்சில் தலைகாட்டுவது 1970களில். ஆதாரமற்ற கதைதான். ஆனாலும் ஒரு நாடே அதை நம்ப விரும்பியது என்பதில் அந்த மக்களின் மனம் தெரிகிறது.

அந்தச் சோசெகி நம் கரையோரமாகவே போயிருக்கிறார். 1900ஆம் ஆண்டு அரசாங்கம் அவரை லண்டனுக்குப் படிக்க அனுப்பியது. செப்டம்பரில் யோக்கொஹாமாவில் புறப்பட்ட கப்பல் சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு என்று தொட்டுத்தான் போனது. மலாக்கா நீரிணையில் பேராக் கடற்கரைக்கு நேரே எங்கோ ஓரிடத்தில் அவர் கப்பல் தளத்தில் நின்றிருப்பார்.

● இன்னொரு மொழிபெயர்ப்பு. இதற்கு ஆதாரம் உண்டு. ருஷ்ய எழுத்தாளர் துர்கெனெவின் 'ஆஸ்யா' கதையில் நாயகி காதலனிடம் 'உங்களுடையவள்' என்று ஒரே சொல்லை முணுமுணுப்பாள். ஃபுதாபாதெய் ஷிமெய் அதை 1896இல் ஜப்பானியத்தில் தந்தபோது, 'செத்தாலும் பரவாயில்லை' என்ற பொருளில் எழுதினார். இன்றைக்கும் 'நிலா அழகாக இருக்கிறது' என்றால் 'செத்தாலும் பரவாயில்லை' என்று பதில் சொல்வது ஜப்பானிய இளைஞர் வழக்கம். இரண்டு எழுத்தாளர்களும் இப்படி ஒரு கேள்வி பதிலாகச் சேர்ந்துவிட்டார்கள்.

ஃபுதாபாதெய் 1909 மே மாதம் ருஷ்யாவிலிருந்து திரும்பும் வழியில் வங்காள விரிகுடாவில் கப்பலிலேயே இறந்தார். அவரைத் தகனம் செய்தது சிங்கப்பூரில். அங்குள்ள ஜப்பானிய இடுகாட்டுப் பூங்காவில் அவர் பெயரில் கல்லறை இருக்கிறது. அந்த இடம் 1891இல் தொடங்கியது. வறுமையால் நாடு கடந்து வந்து, பிழைக்க வழியின்றி உடலை விற்று, இளவயதில் இறந்த ஜப்பானியப் பெண்களைப் புதைப்பதற்காக ஒருவர் தன் தோட்ட நிலத்தைக் கொடுத்தார். பெயர் எழுதாத சிறிய கற்கள் அங்கே வரிசை வரிசையாக உண்டு. சிங்கப்பூர் போகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

● நம் தோட்டத்து மக்கள் காதில் முதலில் விழுந்த ஜப்பானிய மொழி காதல் மொழி அல்ல. 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ விழுந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டு எட்டு மாதம் 'ஜப்பான்காரன் காலம்'. பள்ளிகளில் 'நிப்போங்கோ' கற்றுக்கொடுத்தார்கள். தோக்கியோ இருக்கும் திசை நோக்கிக் குனிய வைத்தார்கள். தோட்டங்களிலிருந்து ஆட்களை ரயில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பினார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது அதன் இருமருங்கிலும் பல்லாயிரம் தமிழர்கள் புதைந்திருந்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அதைத்தான் சொல்கிறது. திரும்பி வராத கணவனுக்காக லயத்து வாசலில் காத்திருந்த பெண்களின் காதலை யாரும் பாட்டாக எழுதிவைக்கவில்லை.

● அந்தக் காலத்தில் நம் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடிய ஜப்பானிய நாட்டுப்பண் 'கிமிகயோ'. அதன் சொற்கள் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு வாழ்த்துக் கவிதையிலிருந்து வந்தவை. எழுதியவர் பெயர் தெரியாது. 10ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில் அது ஒருவர் நீண்ட நாள் வாழவேண்டும் என்று வாழ்த்தும் பாட்டு. அதில் வரும் 'கிமி'தான் இன்று ஜப்பானியக் காதல் பாட்டுகளில் 'நீ' என்று திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. படைவீரர் முன் நின்று பாடிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்?

● காதலும் புரட்சியும் சேர்ந்த கறிக்குழம்பு ஒன்று தோக்கியோவில் இருக்கிறது. 1915இல் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி ஜப்பான் போன இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸை ஷின்ஜுக்குவில் உள்ள நகாமுராயா ரொட்டிக்கடைக்காரர் குடும்பம் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. 1918இல் அந்த வீட்டு மகள் தோஷிகோ அவரை மணந்தார். ஒற்றர்களுக்குப் பயந்து வீடு மாறி மாறி வாழ்ந்த வாழ்க்கை. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 1925இல் தோஷிகோ இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1927இல், நகாமுராயா உணவகத்தில் போஸ் சொல்லிக்கொடுத்த இந்தியக் கோழிக்கறி விற்பனைக்கு வந்தது. 'காதலும் புரட்சியும் கலந்த சுவை' என்பது அதன் விளம்பர வாசகம். இன்றும் கிடைக்கிறது.

இதே ராஷ் பிஹாரி போஸ்தான் இந்தியச் சுதந்திரச் சங்கத்தை வழிநடத்தி 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜியிடம் ஒப்படைத்தவர். நம் தோட்டங்களிலிருந்து பால்வாளியை வைத்துவிட்டு இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவர்கள் அவரை வீரராக அறிந்தார்கள். தோஷிகோவைப் பற்றி அறிந்தவர் குறைவு. அவருக்கு நாம் பட்ட கடன் தீரவில்லை என்பேன்.

● ஜப்பானின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பு 'மன்யோஷூ'. 8ஆம் நூற்றாண்டில் தொகுத்தது. 20 தொகுதி, 4,500க்கு மேல் பாட்டு. அதில் ஒரு பெரிய பிரிவு காதலர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டவை. கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) இதையும் நம் சங்க அகப்பாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று கடைசிவரை வாதாடினார். சென்னைப் பேராசிரியர் பொற்கோவும், யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியரும் அந்த ஆய்வில் உழைத்தவர்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் இந்த உறவை ஏற்கவில்லை. மொழிக் குடும்பம் ஒன்றோ வேறோ, காதலைச் சொல்லும் முறையில் தெரியும் ஒற்றுமை என்னை உண்மையிலேயே வியக்க வைக்கிறது.

பாருங்கள். பழைய ஜப்பானில் கணவன் இரவில் பெண் வீட்டுக்கு வருவான், விடியுமுன் போய்விடுவான். நம் அகத்தில் இரவுக்குறி. போனவன் அன்று காலையே கவிதை எழுதி அனுப்ப வேண்டும். தாமதித்தால் அன்பு குறைந்தது என்று பெண் வீட்டில் பொருள் கொள்வார்கள். மூன்று இரவு தொடர்ந்து வந்தால் மூன்றாம் இரவு இருவருக்கும் மோச்சி என்ற அரிசிப் பலகாரம் கொடுப்பார்கள். அதுதான் திருமணம். நம் தோழியோ 'இப்படி எத்தனை நாள் வந்துபோவாய், வரைந்துகொள்' என்று தலைவனை நெருக்குவாள். 'கொய்' என்பது காதலுக்குப் பழைய ஜப்பானியச் சொல். மன்யோஷூவில் சில இடங்களில் அதை 'தனிமை', 'துயரம்' என்ற பொருளுள்ள இரண்டு சீன எழுத்துகளால் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் இல்லாதவரை நினைத்து ஏங்குவதுதான் அவர்களுக்குக் காதல். பாலையும் நெய்தலும் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

● 'மட்சு' என்றால் பைன் மரம். 'மட்சு' என்றால் காத்திருத்தலும்கூட. மலை உச்சிப் பைன் மரத்தைப் பாடினால் காத்திருக்கும் பெண்ணையும் பாடியாயிற்று. காளமேகத்தின் ஊர்க்காரர்களுக்கு இது பழக்கமான வித்தைதான்.

● அகப்பாட்டில் தலைவன் தலைவி பெயரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. அந்த விதியை நம் தோட்டத்துப் பெண்கள் புத்தகம் படிக்காமலே காப்பாற்றினார்கள். புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து 'நீ சொல்லுடா' என்பார்கள். கூப்பிடுவது 'என்னங்க', இல்லையென்றால் 'பெரியவன் அப்பா'. ஜப்பானிய வீடுகளில் மனைவி கணவனை 'அனதா' என்பார். பிள்ளை பிறந்ததும் அதுவும் மாறி 'ஒத்தோசான்', அதாவது அப்பா, ஆகிவிடும். கணவனும் மனைவியை அம்மா என்றே கூப்பிடத் தொடங்குவான்.

● மக்கோத்தோ ஷின்காயின் 'கிமி நோ நா வா' (2016) படத்தை மலேசிய இளைஞர்களும் கொண்டாடினார்கள். தலைப்புக்கு 'உன் பெயர்' என்று பொருள். மறந்துவிடாமல் இருக்க ஒருவர் பெயரை மற்றவர் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளலாம் என்று நாயகனும் நாயகியும் முடிவு செய்கிறார்கள். பிறகு அவள் கையை விரித்துப் பார்க்கும்போது அதில் அவன் பெயர் இல்லை. 'சுகி தா', பிடித்திருக்கிறது, என்று எழுதியிருக்கிறது.

● பள்ளிக் கரும்பலகையில் ஒரு குடை வரைந்து, காம்புக்கு இடப்பக்கம் ஒரு பெயர், வலப்பக்கம் ஒரு பெயர் எழுதினால் இருவரும் காதலர் என்று ஜப்பானில் பொருள். நாம் இதயத்துக்குள் அம்பு வரைவோம்.

● புத்தாண்டில் ஜப்பானியக் குடும்பங்கள் விளையாடும் சீட்டு விளையாட்டு ஒன்று உண்டு. நூறு கவிஞர், ஆளுக்கொரு பாட்டு. 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா தெய்க்கா தேர்ந்தெடுத்தவை. அந்த நூறில் 43 காதல் பாட்டு. பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

● ஜூலை 7 'தனபாதா'. பால்வீதியின் இரு கரையில் பிரிந்து நிற்கும் காதலர் ஆண்டுக்கு ஒருமுறை சேரும் நாள். ஆசைகளைக் காகிதத்தில் எழுதி மூங்கில் கிளையில் கட்டுவார்கள். ஈப்போவின் கேண்டனீஸ் பாட்டிமாருக்கு இதே கதை ஏழு சகோதரிகள் விழாவாகத் தெரியும். காதலனாக நிற்கும் விண்மீன் நம் திருவோணம். காதலி, அபிஜித்.

● 'தினமும் எனக்கு மிசோ சூப் வைத்துத் தருவாயா?' இது உணவகத்தில் கேட்கும் கேள்வி இல்லை. அந்தக் கால ஜப்பானிய ஆண் தன்னை மணந்துகொள்ளச் சொல்லிக் கேட்ட முறை. 'ஒரே கல்லறையில் இருப்போமா?' என்பது இன்னொன்று. சமைப்பது பெண் வேலை என்று முதல் கேள்வி நினைத்துக்கொள்வதால் இன்றைய பெண்கள் அதை விரும்புவதில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம். இரண்டாவது கேள்விக்கு அந்தக் குறை இல்லை.

● காதலர் தினத்தில் ஜப்பானில் சாக்லெட் கொடுப்பவர்கள் பெண்கள். 1958இல் தோக்கியோ கடை ஒன்றில் முதன்முதலாக இதற்கென்று விற்பனை வைத்தபோது மூன்று நாளில் மூன்று சாக்லெட்டும் ஒரு வாழ்த்து அட்டையும்தான் விற்றன. அதே வழக்கம் பிறகு நாடு முழுவதும் பிடித்துக்கொண்டது. மனதுக்குப் பிடித்தவருக்குக் கொடுப்பது 'ஹொன்மெய்'. அலுவலகத்தில் கடமைக்குக் கொடுப்பது 'கிரி'. 2018இல் கொடிவா நிறுவனமே 'கடமைச் சாக்லெட்டை நிறுத்துங்கள்' என்று நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. ஆண்கள் பதில் பரிசு கொடுக்க மார்ச் 14ஐ இனிப்புத் தயாரிப்பாளர்கள் 1980 முதல் 'வெள்ளை நாள்' ஆக்கினார்கள்.

● கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கும் கோஸ் லாரிகளைப் பார்க்காத பேராக்காரர் இல்லை. ஜப்பானில் குன்மா மாநிலத்து மலைச் சிற்றூர் ஒன்றும் கோஸுக்குப் பெயர்பெற்றது. அதன் பெயர் சுமகொய், அதாவது 'மனைவி மேல் காதல்'. இளவரசன் யமாதோ தகேரு, கடல் கொந்தளிப்பை அடக்கத் தன்னையே கடலுக்குக் கொடுத்த மனைவியை நினைத்து மலைக் கணவாயில் நின்று கலங்கியதால் வந்த பெயர் என்பது மரபுக் கதை. 2006 முதல் அங்கே கணவர்கள் கோஸ் தோட்டத்தின் நடுவில் மேடை ஏறி, மனைவி கேட்கத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மன்னிப்புக் கேட்பவர் உண்டு, நன்றி சொல்பவர் உண்டு, வெட்கத்தில் பாதியில் நிறுத்துபவரும் உண்டு. வாழ்நாள் முழுதும் சொல்லாமல் வைத்திருந்ததை ஊரறியச் சொல்ல ஒரு வயல் வேண்டியிருக்கிறது. நம் பக்கம் இப்படி ஒன்று நடந்தால் நான் முதல் ஆளாகப் பார்க்கப் போவேன். ஜனவரி 31 அங்கே 'மனைவியை நேசிக்கும் நாள்'. 1ஐ ஆங்கில எழுத்து 'ஐ' போலப் பார்த்து, 31ஐ 'சாய்' என்று படித்தால் 'ஐசாய்', அன்பு மனைவி.

● எண்ணில் காதல் சொல்வது இதோடு முடியவில்லை. 1990களில் பேஜரில் எண் மட்டும் அனுப்ப முடிந்த காலத்தில் ஜப்பானியப் பள்ளி மாணவிகள் 14106 என்று அனுப்பினார்கள். எண்களின் ஓசையைச் சேர்த்துப் படித்தால் 'ஐஷிதெரு'. வாயால் சொல்ல முடியாததை எண்ணால் சொன்னார்கள். பேஜரில் இதயக் குறி வந்தபோது அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த ஷிகெதாக்கா குரிதா, 1999இல் தொகொமோ கைத்தொலைபேசிக்கு 176 எமோஜி வரைந்தார். இதயமும் அதில் உண்டு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் அந்தத் தொகுப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. இன்று காலை உங்கள் வாட்சப்பில் வந்த இதயம் அந்த வம்சம்தான்.